தம்பிக்கு மஞ்சள் காமாலை: உருண்டை வைத்தியரா, ஆஸ்பத்திரியா?

அம்பத்தூர் மாரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

எனக்கு அம்பத்தூரில் வேலை. வீடு சங்கரன்கோவில் பக்கம். தம்பிக்கு வயது 24. ஒரு வாரமாகக் காய்ச்சல், சோற்றைப் பார்த்தாலே குமட்டல் என்று படுத்திருந்தான். நேற்று அவன் முகம் கழுவும்போது அம்மா பார்த்திருக்கிறார், கண் இரண்டும் மஞ்சள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்கிறான்.

பக்கத்து ஊரில் காமாலைக்கென்றே ஒரு வைத்தியர் இருக்கிறார். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் பச்சை உருண்டை ஒன்றை மோரில் கரைத்துக் கொடுப்பார். உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. கீழாநெல்லியோடு இன்னும் ஏதோ சேர்ப்பாராம். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் போய்த்தான் குணமானார்கள். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது, ஊசி போட்டா ஆளே போயிரும்" என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார். நான் போனில் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

கீழாநெல்லி உண்மையிலேயே கேட்குமா? இல்லை, எல்லாம் நம்பிக்கைதானா? அப்புறம், வீட்டில் மதினி ஏழு மாதம். அவர்களைத் தனியாக வைக்க வேண்டுமா?

பொதிகைத் தென்றல்

நண்பரே, யோசிக்கவே வேண்டாம். அம்மா சொல்வதைக் கேளுங்கள். எங்கள் தாத்தா, சித்தப்பா, நான் மூன்று பேருமே கீழாநெல்லியில்தான் எழுந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவான், பிறகு பில்லை ஏற்றுவான். காமாலைக்கு அவர்களிடம் மருந்தே கிடையாது. எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்கள், "ரெஸ்ட் எடுங்க" என்பார். அந்த ரெஸ்டை வீட்டில் எடுத்தால் ஆகாதா?

கறுப்புக்காபி

2020களில் உட்கார்ந்துகொண்டு உருண்டை, பத்தியம் என்று பேசுவதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லாம் ஏமாற்று வேலை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அம்மாவிடம் விவாதமே வேண்டாம்.

லேப் அக்கா

மாரி தம்பி, நான் டாக்டர் இல்லை. விருதுநகர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். காமாலைக்காரர்களின் ரத்தம் எங்கள் மேஜைக்கு வராத வாரம் இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மேலே இரண்டு பேரும் கீழாநெல்லியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்திருப்பது எந்தக் காமாலை என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்று ஒரு மஞ்சள் சாயம் வரும். ஈரல் அதைப் பக்குவம் பண்ணிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்தாலும், ஈரல் புண்ணானாலும், பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் அந்தச் சாயம் ரத்தத்தில் தேங்கும். மூன்றிலும் கண் மஞ்சள்தான். வெளியிலிருந்து பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. சாதாரணமாக டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டரை, மூன்றைத் தாண்டினால்தான் கண்ணில் தெரியும். அதாவது வீட்டில் யாரோ கவனிப்பதற்கு முன்பே ரத்தத்தில் ஆரம்பித்திருக்கும்.

எங்கள் வேலையில் ரத்தத்தைச் சுழற்றி எடுத்ததும் மேலே சீரம் தெளிந்து நிற்கும். நல்ல ஆளுக்கு அது வெளிறின வைக்கோல் நிறம். காமாலைக்காரருக்கு நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாக, சில நேரம் பழுப்பாகவே இருக்கும். சிறுநீர்க் குப்பியைக் குலுக்கினால் மேலே நிற்கிற நுரைகூட மஞ்சளாக இருக்கும், மற்றவர்களுக்கு நுரை வெள்ளை. இவ்வளவு பார்த்தும் காரணம் என்னவென்று நான் சொல்ல மாட்டேன். எண்கள் வர வேண்டும்.

அந்த வைத்தியரிடம் போனவர்கள் எழுந்தது பொய் இல்லை. நம் பக்கத்தில் வாலிப வயதில் வருகிற காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ, இ என்கிற இரண்டு வைரஸ்கள். இரண்டுமே கெட்ட தண்ணீரில் வருவது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். ஆள் எப்போது வைத்தியரிடம் போகிறார்? காய்ச்சல் விட்டு, கண் மஞ்சளான பிறகு. அதாவது நோய் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும் நேரத்தில். மூன்று நாள் உருண்டை, அதோடு சாராயம் கிடையாது, வேலை கிடையாது, படுக்கை. பிறகு பசி எடுக்கும், முகம் தெளியும். வைத்தியர் தன் கண்ணால் பார்ப்பது அதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் குணமாகாதவர் திரும்பிப் போய் அவரிடம் "கேட்கவில்லை ஐயா" என்று சொல்வதில்லை. அப்படிப்பட்டவர் எங்களிடம் வருகிறார்.

ஒரு கொத்தனாரை மறக்க முடியவில்லை. ஐம்பது வயது தாண்டியவர். வலியே இல்லாமல் கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெள்ளைக் களிமண் நிறத்தில். ஊரில் ஒருவர் மாற்றி ஒருவராக மருந்து கொடுத்திருக்கிறார்கள், முன்கையில் சூடு போட்ட தழும்பு வேறு. எங்களிடம் வந்தபோது பிலிருபின் 22. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பித்தக்குழாயை நெரித்துக்கொண்டு இருந்தது. முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல முடியாது, அது பொல்லாத நோய். ஆனால் அடைப்பைத் திறந்து ஒரு குழாய் வைத்திருந்தால் அந்த அரிப்பாவது அடங்கியிருக்கும். சொறிந்து சொறிந்து தோல் கிழிந்திருந்தது, ரத்தம் எடுக்க நல்ல இடம் தேட வேண்டியதாயிற்று.

அதனால், எந்த வைத்தியம் என்று பிறகு பேசலாம். இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது: பிலிருபின் மொத்தமும் நேரடியும் (ஈரல் பக்குவம் பண்ணின பங்குதான் நேரடி), எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (ஈரல் புண்ணானால் ஏறுகிறவை), ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (பித்தக்குழாய் அடைத்தால் ஏறுவது), வைரஸ் ஏ பி சி இ நான்குக்குமான டெஸ்ட், வயிற்று ஸ்கேன். இவற்றோடு பிடி ஐஎன்ஆர் என்று ஒன்று இருக்கிறது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது, அதை விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறைவதற்கான பொருள்களை ஈரல்தான் செய்கிறது. ஈரல் கையை விரிக்கத் தொடங்கினால் முதலில் இந்த எண்தான் ஏறும். பிலிருபின் 15 இருந்தும் ஐஎன்ஆர் சரியாக இருக்கிறவர் வீட்டுக்குப் போவார். பிலிருபின் 8 இருந்து ஐஎன்ஆர் 2 என்றால் எங்கள் டாக்டர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

தம்பி பகலில் தூங்கி வழிந்தாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். மதினி விஷயம், ரிசல்ட் வந்ததும் முதலில் எழுதுங்கள். அது இ வைரஸ் என்றால் பேச்சே வேறு.

பாளை சித்தன்

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ஐந்தரை வருடப் படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. அக்கா சொன்ன முதல் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் நூல்களிலேயே காமாலை ஒன்றில்லை. ஊது காமாலை, வறட்காமாலை, கும்பக் காமாலை என்று வகை பிரித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிலவற்றைத் தீராதவை என்று அவர்களே ஒதுக்கியும் வைத்தார்கள். "எல்லாக் காமாலைக்கும் ஒரே உருண்டை" என்பது சித்தமே இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு ஈரல் டெஸ்ட் பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை. அந்த உருண்டை வைத்தியர் செய்வதற்கெல்லாம் எங்கள் பட்டத்தின் மேல் பழி விழுகிறது. அந்தக் கோபம் எனக்கு நிறைய உண்டு.

ஆனால் கறுப்புக்காபி நண்பர் "எல்லாம் ஏமாற்று" என்பதையும் ஏற்க மாட்டேன். சித்தத்தில் ஆளின் நாடி, உடல்வாகு, அனுபானம் (மருந்தைக் குழைத்துக் கொடுக்கிற தேன், பால் போன்றவை), பத்தியம் எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. ஒரே ஓர் இலையைக் காயவைத்துப் பொடித்து கேப்சூலில் அடைத்துக் கொடுத்துவிட்டு "சித்தம் தோற்றது" என்று எழுதுவது என்ன நியாயம்? ஈரலைக் கெடுப்பது மூலிகை மட்டும்தானா? இந்தியாவில் மருந்தால் ஈரல் கெட்டவர்களின் கணக்கைப் பாருங்கள், முதல் இடத்தில் காசநோய் மாத்திரைகள் நிற்கும்.

பொதிகைத் தென்றல்

சரியாகச் சொன்னீர்கள் டாக்டர். நம் மூலிகையை இவர்கள் யாரும் ஆராய்ச்சி செய்ததே இல்லை. செய்தால் கம்பெனிக்காரனுக்கு நஷ்டம். காலில் மிதிபடுகிற செடியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? லேப் அக்கா, நீங்கள் சொன்னதிலேயே ஏ, இ வைரஸுக்கு மருந்து இல்லை என்று வருகிறதே. பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?

லேப் அக்கா

தென்றல் சார், ஆராய்ச்சி நடக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்தது, அதுவும் நம் சென்னையில்.

1988ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் அவருடன் வேலை பார்த்தவர்களும் எழுதியது. கூட எழுதியவர்களில் ஒருவர் பாரூச் புளும்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கியவர். அப்படிப்பட்ட ஆளே நம் கீழாநெல்லியை நம்பி அதில் பெயர் போட்டார், எந்தக் கம்பெனிக்காரனும் வந்து தடுக்கவில்லை. பி வைரஸ் உடம்பிலேயே தங்கிப்போனவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் கேப்சூல், முப்பது நாள் கொடுத்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் காணாமல் போனது. வெற்றுக் கேப்சூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. சாதாரண விஷயமா? அந்தக் காலத்தில் பி வைரஸுக்கு இந்த மாதிரி ரிசல்ட் எந்த மருந்தும் காட்டவில்லை.

அதனால்தான் மற்ற நாடுகளில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்திலும் பார்த்தார்கள். அந்த ரிசல்ட் திரும்ப வரவில்லை. 2011ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மருந்தைவிட இது மேல் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டின, ஆனால் அவை சரியாக நடத்தப்படவில்லை என்பதையும் எழுதினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அது எல்லாமே நாள்பட்ட பி வைரஸுக்கு. மாரியின் தம்பி மாதிரி திடீரென்று வந்த காமாலைக்கு அல்ல. "லான்செட்டிலேயே வந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி இந்த 1988 கட்டுரையைத்தான் சொல்கிறது, பின்னால் நடந்த கதையை வசதியாக விட்டுவிடுகிறது.

பாளை டாக்டர் சார், நீங்கள் சொல்வது நியாயமான வாதம். கேப்சூலில் அடைத்த பொடி உங்கள் சிகிச்சை ஆகாது. சரி, அப்போது உங்கள் முழுச் சிகிச்சையையே சோதிக்கலாமே? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உங்களிடம் விடலாம். நாடி பாருங்கள், ஆளுக்கேற்ற மருந்து கொடுங்கள், பத்தியமும் சொல்லுங்கள், யாரும் குறுக்கே வரவேண்டாம். இன்னொரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. ரத்தத்தைப் பார்க்கிற லேபுக்கு யார் எந்தப் பாதி என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் மெஷினுக்கு எந்த வைத்தியத்தின் மேலும் பாசம் கிடையாது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005லிருந்து இருக்கிறது. ஆள், இடம், நோயாளி எல்லாம் அங்கே உண்டு. "ஒவ்வொரு ஆளுக்கும் வேறு மருந்து, அதனால் அளக்க முடியாது" என்று சொன்னால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் செடி ஜெயித்த கதையும் இருக்கிறது. சர்ப்பகந்தியை ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகமே எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பிரித்த ரெசர்பின் பல வருடம் பெரிய மருந்தாக இருந்தது. பிறகு மனச்சோர்வு வருகிறது என்று சந்தேகம் வந்தது, அதைவிட நல்ல மாத்திரைகளும் வந்தன, ஒதுங்கிவிட்டது. வேலை செய்ததென்று எடுத்தபோதும் அது நாட்டு மருந்து என்று யாரும் பார்க்கவில்லை, ஒதுக்கினபோதும் பார்க்கவில்லை.

காசநோய் மாத்திரை விஷயம் முழுக்க உண்மை. இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து எடுத்த கணக்கில் மருந்தால் ஈரல் கெட்டவர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் காசநோய் மருந்தால், 14 சதவீதம் மூலிகை, மாற்று மருந்துகளால். ஆனால் காசநோய் மாத்திரை கொடுக்கும்போது ஈரலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும், எங்களுக்கு ரத்தம் வரும், எண் ஏறினால் நிறுத்துவார்கள். கோவிட் நேரத்தில் எதிர்ப்புச் சக்தி என்று வீடு வீடாகச் சீந்தில் குடித்தார்களே, அப்போது யார் பார்த்தார்கள்? 2020 கடைசியில் மும்பையில் ஆறு பேர் ஈரல் வீங்கி வந்தபோது டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டுத்தான் சீந்தில் வெளியே வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, வேறு செடியாக இருக்கும் என்றது. பிறகு வேறு பல ஊர்களிலிருந்தும் அதே மாதிரிக் கணக்கு வந்தது.

அப்புறம் கறுப்புக்காபி தம்பி, எங்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். காமாலை என்று வந்தால் சீட்டில் லிவர் டானிக் ஒரு பாட்டில் எழுதாத டாக்டர் எத்தனை பேர்? அதில் பலவற்றுக்கு இந்த உருண்டையைவிடப் பெரிய ஆதாரம் ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதும் அந்த ரகம்தான், தென்றல் சார் கோபத்தில் தப்பே இல்லை. ஆங்கில மருத்துவம் என்ற பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் அது ஆதாரமாகிவிடாது. அந்த வைத்தியர் வெற்றிலை பாக்கோடு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசுகிறார். இங்கே இரண்டு நிமிஷத்தில் சீட்டைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறோம். அம்மாமார் அங்கே போவதற்கு இது போதாதா?

மருந்து இல்லை என்றால் எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டீர்கள். நூறு பேரில் பெரும்பாலானவர் தானே எழுவார்கள். எழாத அந்த ஒருவர் யார் என்று முதல் நாள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வரச் சொல்கிறோம்.

அம்பத்தூர் மாரி

எல்லோருக்கும் நன்றி. லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டேன். "டெஸ்ட் மட்டும் எடுப்போம், மருந்தை நீங்களே முடிவு பண்ணுங்க" என்று அம்மாவிடம் சொன்னேன், சம்மதித்தார்.

ரிசல்ட்: மொத்த பிலிருபின் 9.4, நேரடி 6.8. எஸ்ஜிபிடி 1640. ஐஎன்ஆர் 1.2. பி, சி இரண்டும் இல்லை. ஏ இல்லை. இ வைரஸ் ஐஜிஎம் (புதிதாகத் தொற்றியதைக் காட்டுவதாம்) பாசிட்டிவ். ஸ்கேனில் கல், அடைப்பு ஒன்றும் இல்லை. டாக்டர் அட்மிஷன் வேண்டாம் என்றார். வாந்திக்கு ஒரு மாத்திரை, ஒரு டானிக் (அக்கா சொன்ன மாதிரியே!). அடுத்த திங்கள் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார்.

வரும் வழியில் அம்மாவின் ஆசைக்காக வைத்தியரையும் பார்த்தோம். நல்ல மனுஷர். ரிசல்டை வாங்கிப் பார்த்துவிட்டு "ஈரலு சூடு" என்றார். உருண்டையில் கீழாநெல்லியோடு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அது எங்க அப்பா எனக்குச் சொன்னது, நான் எம் பிள்ளைக்குத்தான் சொல்வேன்" என்று சிரித்தார். உருண்டை இப்போது வீட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கொடுக்கலாமா? பத்தியம்? மதினி?

பாளை சித்தன்

உருண்டையைக் கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத மருந்தை நான் என் நோயாளிக்கு எழுத மாட்டேன், என் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும்போதும் மாட்டேன். வெறும் இலையா, உலோகத்தையோ தாதுவையோ புடம் போட்டுச் செய்கிற பற்பம், செந்தூரம் ஏதாவது கலந்ததா என்று தெரியாது. புண்ணான ஈரலுக்கு அது கூடுதல் சுமை. அம்மா மனம் கோணாமல் இருக்க வேண்டுமென்றால் மோர் கொடுக்கச் சொல்லுங்கள், அதுவும் மருந்துதான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

லேப் அக்கா கேட்ட மாதிரி ஆய்வு எங்கள் துறையில் இன்னும் நிறைய வர வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். குலுக்கல் பற்றி எனக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன, தனியாகப் பேசுவோம்.

லேப் அக்கா

முதலில் மதினி. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இ வைரஸ் வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை உயிருக்கே ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தம்பிக்கு லேசாகப் போகிற அதே வைரஸ்தான். இது தொட்டால் ஒட்டுகிற ரகம் இல்லை, ஆனால் தம்பி குடித்த அதே தண்ணீரைத்தானே மதினியும் குடித்திருப்பார்? அதனால் இன்றைக்கே அவர்கள் பார்க்கிற மகப்பேறு டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தம் பாருங்கள். இப்போது ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வைரஸ் உள்ளே போய் வெளியே தெரிவதற்குப் பத்து வாரம் வரை ஆகலாம். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள் எது வந்தாலும் வைத்தியர் பேச்சுக்கே இடமில்லை, நேரே பெரிய ஆஸ்பத்திரி. இதற்குச் சீனாவில் 2011லேயே தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தார்கள். நம் ஊரில் போடுவதில்லை.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும், வீட்டில் எல்லோரும். கேன் தண்ணீரையும் நம்ப வேண்டாம். தம்பி கக்கூஸ் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சமையல் பக்கம் வர வேண்டாம்.

பத்தியத்தில் சாராயம் கூடாது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பை நிறுத்துவது வயிற்றில் நீர் கோத்த ஈரல் நோயாளிக்குத்தான். பசியே இல்லாத பையனுக்கு உப்பில்லாத கஞ்சியை நீட்டினால் இன்னும் சாப்பிட மாட்டான். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், பருப்பு, எது இறங்குகிறதோ அது. எண்ணெய் குமட்டினால் குறைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், உடம்புவலி என்று மெடிக்கலில் தானாக எதையும் வாங்கிப் போடக் கூடாது.

அந்த 1640ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், இந்த நோயில் ஆயிரங்களில் ஏறுவது வழக்கம். திங்கள்கிழமை ரிசல்ட் வரும்போது முதலில் ஐஎன்ஆரைப் பாருங்கள். எஸ்ஜிபிடி இறங்கியிருந்து ஐஎன்ஆரும் அப்படியே இருந்தால் நல்லது. எஸ்ஜிபிடி மளமளவென்று இறங்கி, ஐஎன்ஆர் ஏறியிருந்தால் அது குணம் இல்லை, உடனே டாக்டரிடம் போங்கள். அப்புறம், ஆள் தெம்பான பிறகும் கண்ணில் மஞ்சள் கொஞ்ச நாள் நிற்கும். பிலிருபினில் ஒரு பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் கரையும். அதைப் பார்த்து அம்மா மறுபடி உருண்டையைத் தேடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தெருவில் வேறு யாருக்காவது கண் மஞ்சளா என்று விசாரித்தீர்களா?

அம்பத்தூர் மாரி

விசாரித்தேன் அக்கா. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர், பின்தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பையன். மூன்று பேருமே அந்த வைத்தியரிடம் உருண்டை வாங்கியிருக்கிறார்கள், யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து வீட்டுக் குழாயிலும் மேல்நிலைத் தொட்டியிலும் தண்ணீர் பிடித்துப் போனார். தெருக்குழாய் ஓர் இடத்தில் சாக்கடைக்குள் இறங்கி ஏறுகிறது, அங்கே சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மதினிக்கு ரத்தம் கொடுத்தாச்சு, நாளைக்கு வரும். அண்ணன் அவர்களை ராஜபாளையத்தில் அவர்கள் அம்மா வீட்டில் விட்டுவரக் கிளம்புகிறார். உருண்டையை அம்மா இன்னும் எடுத்துப் போடவில்லை, திங்கள்கிழமை வரைக்கும் இருக்கட்டும் என்கிறார்.